வியாழக்கிழமைப் பை

துரை மறுபடியும் வேலையைக் காட்டிவிட்டான்.

வியாழக்கிழமை, சாயங்காலம் ஆறரை மணி. லிஃப்ட் மெக்கானிக் வேலையிலிருந்து வந்து, கருவிப் பையைச் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போனார். அவ்வளவுதான். துரை சோபாவை விட்டு இறங்கினான். அவசரமெல்லாம் கிடையாது, துரைக்கு என்ன அவசரம். பையை ஒரு சுற்றுச் சுற்றி மோந்து பார்த்தான். பிறகு அதற்கு முதுகைக் காட்டி நின்று, வாலை நேராக நிமிர்த்தி, பின்னங்கால்களை மாற்றி மாற்றி மிதித்தான். வால் நுனி கிடுகிடுவென்று நடுங்கியது. சர்ரென்று ஒரே பீய்ச்சல். குறி தப்பவில்லை. வேலை முடிந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி சோபாவுக்குத் திரும்பி முன்னங்காலை நக்க ஆரம்பித்தான்.

இத்தனைக்கும் அவன் எட்டு மாதக் குட்டியாக இருந்தபோதே குடும்பக் கட்டுப்பாடு செய்தாயிற்று. ஆபரேஷன் ஆன ஆண்பூனை இந்த அசிங்கம் பண்ணாது என்று அப்போது சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார்கள். ஐந்து வருடம் அந்த வாக்கு பலித்தது. மூன்று மாதமாகத்தான் இந்தக் கூத்து.

மெக்கானிக் துண்டோடு வந்து பையைப் பார்த்தார், பிறகு பெண்டாட்டியைப் பார்த்தார்.

"இவனை எங்கேயாவது குடுத்துடலாம். சொன்னா கேக்கவே மாட்டேங்கறே."

"பையை எடுத்து பாத்ரூம்ல போடுங்க. நான் பாத்துக்கறேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. எரிச்சலும் இல்லை. இரண்டரை வருடமாக அந்தக் குரலில் எதுவுமே இல்லை. மகள் வீட்டை விட்டுப் போன நாளிலிருந்து அப்படித்தான். சாப்பாட்டில் உப்பில்லை என்றால் எடுத்துப் போட்டுக்கொள்வாள், பஸ் வரவில்லை என்றால் நடப்பாள். அழுதாள் என்று யாரும் சொல்ல முடியாது. அழுகை வந்திருந்தால்தான் தேவலையே என்று அவளே ஒருநாள் நினைத்துக்கொண்டாள், நினைத்துவிட்டுச் சட்டைக்குப் பொத்தான் தைக்க உட்கார்ந்தாள்.

துரையை மட்டும் கொடுக்கமாட்டாள். அவன் மகள் கொண்டுவந்த பூனை. துரை என்ற பேரும் மகள் வைத்ததுதான், நடக்கிற நடையைப் பார்த்து. வீட்டில் மகளுடைய கட்டில் இருந்தது, அலமாரி இருந்தது, பழைய குடை இருந்தது. மூச்சு விடுகிற பொருளாக மிஞ்சியது இவன் ஒருத்தன்தான். இவனும் போனால் அந்தப் பெண் இங்கே வளர்ந்தாள் என்பதற்கு உயிருள்ள சாட்சி ஒன்றும் கிடையாது.

பூனை மூத்திரத்துக்குப் பயப்படுகிற ஆளும் இல்லை அவள். பெரிய சலவைக் கடை ஒன்றில் இருபத்தாறு வருடமாகக் கறை எடுக்கிற வேலை. கடையில் அவளுக்குக் 'கறை டாக்டர்' என்று பட்டம். ஒயின், ரத்தம், மை, மெழுகு, வாந்தி, துரு, எது வந்தாலும் முதலில் அவள் மேஜைக்குத்தான் வரும். விரலால் தடவிப் பார்ப்பாள், மூக்கருகே கொண்டுபோவாள், சொல்லிவிடுவாள். பிறகு ஒரு சீட்டில் எழுதிக் கறைக்குப் பக்கத்தில் குண்டூசியால் குத்துவாள். சீட்டில் மூன்றே கட்டங்கள்: என்ன, எங்கே, எப்போதிலிருந்து.

'எப்படி' என்ற கட்டம் அந்தச் சீட்டில் கிடையாது. அது கடையின் சட்டம். எப்படி வந்தது என்று கேட்டால் வாடிக்கையாளர் பொய் சொல்வார். ஒயினை ஜூஸ் என்பார், ரத்தத்தைச் சாஸ் என்பார். அந்தப் பேச்சை நம்பி மருந்தைத் தொட்டால் துணி போச்சு. அதனால் கேட்பதில்லை. வந்திருப்பது என்ன என்று மட்டும் பார், எடு, அனுப்பு. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அவள் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. தன் மகளுக்கும் சொல்லிக்கொடுத்தாள்.

ஆமாம், மகளும் அதே மேஜையில்தான் இரண்டு வருடம் வேலை பார்த்தாள். நல்ல கை. ஒரு நாள் ஒரு கோட்டில் நகப்பூச்சுக் கறை வந்தது. நகப்பூச்சுக்கு அசிடோன். ஆனால் கோட்டின் உள்துணி எந்த ரகம் என்று லேபிள் இல்லாவிட்டால் முதலில் தையல் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சில செயற்கைப் பட்டு அசிடோன் பட்டால் அப்படியே கரைந்துவிடும். மகள் வைத்துப் பார்க்கவில்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. முதலாளி வந்து நின்று, யார் கை என்று கேட்டார். மகள் வாயைத் திறப்பதற்கு முன்னால் அம்மா சொல்லிவிட்டாள்: "என் பொண்ணு கை."

மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்றார் முதலாளி. அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் மகள் தட்டைத் தொடவில்லை.

"நீ சொன்னது தப்புன்னு சொல்லலம்மா. ஆனா எப்படி ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கலையே நீ."

"கேட்டா ஓட்டை மூடிக்குமா?"

மகள் தட்டை மூடி வைத்துவிட்டு எழுந்தாள். பத்து நாளில் ஒரு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அங்கே பூனை கூடாது என்பதால் துரை தங்கினான். ஒரு வருடம் கழித்துத் தபாலில் கல்யாணப் பத்திரிகை வந்தது. அவள் அதைப் படித்துவிட்டு ஃபிரிட்ஜின் மேல் வைத்தாள். அந்தத் தேதியில் புருஷன், "லிஃப்ட் ஒண்ணு நின்னுபோச்சாம், போயிட்டு வரேன்" என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். எந்த லிஃப்டுக்கு ஐயா வெள்ளைச் சட்டை? அந்தச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்ததே அவள்தான். போடும்போது காலர் ஓரத்தில் கொஞ்சம் கஞ்சி கூடத் தெளித்தாள். வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை.

ஆக, துரை பையை நனைக்க ஆரம்பித்தபோது அவள் அதையும் கடை முறையிலேயே கையாண்டாள். அமோனியா கலந்த தண்ணீரை ஒற்றி, வினிகரால் அலசி, வெயிலில் போட்டாள். கடையில் மூத்திரக் கறைக்கு அதுதான் மருந்து. ஒவ்வொரு தடவையும் ஒரு சீட்டு எழுதிப் பையில் குத்தி, காய்ந்ததும் சீட்டை எடுத்து டிராயரில் போட்டாள். கறை போனது. துரை மறுபடி நனைத்தான். இருபத்தாறு வருட அனுபவத்துக்கு ஒரு பூனை தண்ணி காட்டினால் மனுஷிக்கு அவமானமாக இருக்காதா? அவளுக்கு இருந்திருக்க வேண்டும். இருந்ததா என்று தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. சரி, டாக்டரிடமாவது காட்டுவோம் என்று துரையைக் கூடையில் போட்டுக்கொண்டு போனாள்.

மிருக டாக்டர் சின்ன வயதுப் பெண். துரையின் மூத்திரத்தைச் சோதித்துவிட்டு, கல்லும் இல்லை, புண்ணும் இல்லை என்றாள்.

"இது வியாதி இல்லம்மா. நின்னுக்கிட்டு, வாலைத் தூக்கி, கொஞ்சமா பீச்சி அடிக்கிறான் இல்ல? அது எழுத்து மாதிரி. இது என் இடம்னு எழுதி வைக்கிறான். ஆபரேஷன் ஆன ஆண்பூனையிலயும் பத்துல ஒண்ணு இப்படிச் செய்யும், மனசுல ஏதாவது கலவரம் இருந்தா. எதை வச்சுத் துடைக்கிறீங்க?"

"அமோனியா."

டாக்டர் சிரித்துவிட்டாள். "பூனை மூக்குக்கு அமோனியாவும் இன்னொரு பூனையோட மூத்திரமும் ஒண்ணுதான். நீங்க துடைக்கத் துடைக்க, யாரோ எதிராளி வந்து எழுதிட்டுப் போன மாதிரி இருக்கும் அவனுக்கு. என்சைம் போட்டுத் துடைங்க, அது வாடையையே தின்னுடும். திட்டாதீங்க, அடிக்காதீங்க. சரி, வீட்டுல வேற பூனை உண்டா?"

"இல்ல."

"ஜன்னல்ல வெளிப்பூனை தெரியுமா?"

"நாலாவது மாடி."

"அப்ப வீட்டுல யாராவது வெளியே வேற பூனையைத் தொட்டுட்டு வர்றாங்களா?"

அவள் துரையின் கூடையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். டாக்டர் அதைக் கவனிக்காமல் தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனாள். அப்படி ஒரு பூனை இருந்தால் வழி சுலபம். பூனையின் கன்னத்தில் ஒரு வாசனை சுரக்கும், அது சமாதான வாசனை. சுத்தமான துணியால் அந்தப் பூனையின் கன்னத்தைத் தேய்த்துக் கொண்டுவந்து துரையின் சாப்பாட்டுத் தட்டுப் பக்கத்தில் வைக்க வேண்டும். துரையின் கன்னத்தைத் தேய்த்த துணியை அங்கே கொடுத்தனுப்ப வேண்டும். தினம் கொஞ்சமாகப் பழகினால் எதிராளி என்ற பயம் போய்விடும்.

"யார் தொடுறாங்கன்னு வீட்டுல கேட்டுப் பாருங்கம்மா," என்றாள்.

கேட்டுப் பாருங்கள். சொல்வது சுலபம்.

வீட்டுக்கு வந்து டிராயரைத் திறந்து சீட்டுகளை மேஜையில் பரப்பினாள். பதினொரு சீட்டு. என்ன: பூனை மூத்திரம். எங்கே: கருவிப் பை, இடப்பக்கம். எப்போதிலிருந்து: வியாழன், வியாழன், வியாழன். ஒரு வாரம் கூடத் தப்பவில்லை. வியாழக்கிழமை மெக்கானிக்குக்குக் கடைசி வேலை ஊரின் மறுகோடியில் ஒரு குடியிருப்பில். அப்படித்தான் சொல்லியிருந்தார்.

பிறகு பையை எடுத்து, கடையில் செய்கிற மாதிரி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாரில் செம்பட்டை மயிர் நாலைந்து ஒட்டியிருந்தது. துரை கறுப்பும் வெள்ளையும். ஆக, மனிதர் எங்கோ ஒரு செம்பட்டைப் பூனையை மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு வருகிறார். ஒரு பெண்டாட்டிக்கு முதலில் என்ன தோன்றுமோ அது அவளுக்கும் தோன்றியது. தோன்றிய பிறகும் நெஞ்சு எப்போதும் போலத்தான் அடித்தது. அட, இதற்குக்கூட நமக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றுதான் அவளுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

வாரை விரலால் நீவிக்கொண்டே போனபோது ஓர் இடம் தட்டுப்பட்டது. வார் பையோடு சேருகிற மூலை. போன மாதம் பிய்ந்து தொங்கியது அவளுக்கு நினைவிருந்தது, தைக்க வேண்டும் என்று நினைத்து மறந்திருந்தாள். யாரோ தைத்திருந்தார்கள். பின்தையல், மூன்று தையலுக்கு ஒரு முடிச்சு, கடைசியில் நூலை வெட்டாமல் உள்ளே இழுத்து ஒளித்திருந்தது. அவள் தையல் அது. அவள் தைக்கவில்லை. அந்த மாதிரித் தைக்க அவள் உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

பையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். துரை வந்து பக்கத்தில் படுத்தான். நூல் கறுப்பு, பை நீலம். நீல நூல் மகள் வீட்டில் இல்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். நினைக்கிறதற்கு வேறு எத்தனையோ இருந்தது.

அன்றைக்கும் கேட்கவில்லை. அடுத்த வாரமும் கேட்கவில்லை. வீம்பு என்று ஊர் சொல்லும். வீம்பு இல்லை. கேட்கிற இடம் அவளுக்குள் மரத்துப் போயிருந்தது, அவ்வளவுதான். என்சைம் போட்டுத் துடைத்தாள். துரை சொட்டு குறைத்துக்கொண்டான், ஆனாலும் வியாழக்கிழமையை விடவில்லை.

கீழ்வீட்டில் இருக்கிற வீட்டுக்கார அம்மா ஒரு திங்கட்கிழமை மேலே ஏறி வந்துவிட்டாள். மூச்சு வாங்கிக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"மாடிப்படி வரைக்கும் வாடை அடிக்குதும்மா. நானும் பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு வழி பண்ணிடுங்க. ஒண்ணு பூனை, இல்லேன்னா நீங்க."

மெக்கானிக்குக்குக் கொண்டாட்டம் என்று சொல்லக்கூடாது, ஆனால் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அன்றைக்கே ஒரு கிடங்குக் காவலாளியிடம் பேசிவிட்டு வந்தார். கிடங்கில் எலித் தொல்லை, ஞாயிற்றுக்கிழமை காலை வந்து எடுத்துக்கொள்வாராம். "அவன் அங்க ராஜா மாதிரி இருப்பான்," என்றார். அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. தன்னைக் காட்டிக்கொடுக்கிற பூனையை வீட்டை விட்டு அனுப்புகிற அவசரம் அவருக்கு. பாவம், கெட்ட மனுஷர் இல்லை. பொய் சொல்லத் தெரியாதவர் பொய் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை துரை போய்விடுவான். இது அவளுக்குத் திங்கட்கிழமை புரிந்தது, செவ்வாய்க்கிழமையும் புரிந்தது. புதன்கிழமை கடையில் ஒரு மேஜைவிரிப்பின் மேல் குனிந்திருந்தபோதுதான் வலித்தது. மார்புக்கு நடுவில், சின்னதாக. வலிக்கிறதே என்று ஆச்சரியமாக இருந்தது. சோதனைக்கு வைத்திருக்கிற வெள்ளைப் பருத்தித் துணியில் கைக்குட்டை அளவுக்கு இரண்டு துண்டு வெட்டிப் பையில் போட்டுக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை. மெக்கானிக் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு துண்டால் துரையின் இரண்டு கன்னத்தையும் நன்றாகத் தேய்த்து, ஒரு கவரில் போட்டாள். இன்னொரு துண்டை மடித்து வேறு கவரில் போட்டாள். இரண்டையும் கொண்டுவந்து அவர் டீக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என்ன இது?"

"இது துரையோட வாசனை. அந்தப் பூனை சாப்பிடற இடத்துல வைக்கணும். இதுல இருக்கறது சுத்தமான துணி. அந்தச் செம்பட்டைப் பூனையோட கன்னத்துல தேச்சு, கவர்லயே போட்டு எடுத்துட்டு வாங்க. வேற எதுலயும் படக்கூடாது."

டீ டம்ளர் பாதி வழியில் நின்றது. அவர் அவளைப் பார்த்தார். அவள் துரையின் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எந்தப் பூனை?" என்று கேட்டார், கேட்க வேண்டுமே என்பதற்காக.

"பையைத் தைச்சுக் குடுத்தவ வீட்டுப் பூனை."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். அவளைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார், அவள் இன்னும் ஏதாவது சொல்வாள் என்று காத்திருக்கிற மாதிரி. அவள் குழாயை மூடிவிட்டுக் கடைக்குக் கிளம்பினாள். அவர் கவர் இரண்டையும் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் அவர் வரும்போது மணி ஏழு. பையை வழக்கமான இடத்தில் வைத்தார். கவரை அவள் கையில் கொடுத்தார். "ரெண்டு கன்னத்துலயும் தேச்சிருக்காம்," என்றார். யார் தேய்த்தது என்று சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, காலைச் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டு, காத்திருந்தார்.

அவள் கவரைத் திறந்து துணியை வெளியே எடுத்தாள். செம்பட்டை மயிர் ஏழெட்டு. அது சரி. மடிப்பைப் பிரித்தபோது ஒரு மூலையில் கறை இருந்தது. எட்டணாக் காசு அகலம், லேசான மஞ்சள், நடுவில் கொஞ்சம் விறைப்பு, ஓரம் மெல்லிசாகப் பரவியது. கை தானாக அதை விளக்குக்குக் கீழே கொண்டுபோனது. விரலால் தடவினாள். மூக்கருகே வைத்தாள்.

புளிப்பு. புளிப்புக்கு அடியில் ஓர் இனிப்பு. கடைப்பால் இல்லை. வயிற்றுக்குள் ஒரு தடவை போய்த் திரும்பி வந்த பால். இந்தக் கறையை அவள் ஆயிரம் சட்டையில், ஆயிரம் ரவிக்கையில் எடுத்திருக்கிறாள். எப்போதும் தோள்பட்டையில்தான் இருக்கும், தோளில் போட்டு முதுகைத் தட்டுவார்களே, அங்கே. வெந்நீர் படக்கூடாது, படிந்துவிடும். பச்சைத் தண்ணீர்தான்.

 பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வேறு எதுவும் படக்கூடாது என்று சொல்லி அனுப்பிய துணி. இரண்டு வருடம் கறை மேஜையில் நின்றவள் கைக்குப் போன துணி. ஒரு கறையோடு ஒரு துணியை வெளியே அனுப்புகிறவள் இல்லை அவள் மகள். தெரியாமல் பட்டிருந்தால் வேறு துணியில் தேய்த்துக் கொடுத்திருப்பாள். தெரிந்துதான் அனுப்பியிருக்கிறாள். சீட்டு குத்தாமல் அனுப்பியிருக்கிறாள்.

எதிரே மெக்கானிக் அவள் கையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். செருப்பு ஸ்டாண்டுப் பக்கம் துரை எழுந்து, பையைச் சுற்றி வந்து, முதுகைக் காட்டி, வாலை நிமிர்த்தினான். சர்ரென்று சத்தம் கேட்டது. இரண்டு பேரும் திரும்பவில்லை.

அவள் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். 

"எத்தனை மாசம்?"

அவர் முகம் கோணியது. இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏழு. பொண்ணு."

"ஏழு மாசமா என்கிட்ட சொல்லல."

"அவ சத்தியம் வாங்கிட்டா. அம்மாவா வாயைத் திறந்து கேட்டா எல்லாத்தையும் சொல்லு, கேக்காம ஒரு வார்த்தை சொல்லாதேன்னா." அவருக்குக் குரல் உடைந்தது. "நானும் ஒவ்வொரு வியாழக்கிழமையும் வந்து இங்க உக்காந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீ கேக்கவே இல்லையே."

அவள் துணியை மடித்தாள். கறை உள்பக்கம் போகாமல் மேலே தெரிகிற மாதிரி மடித்தாள். தண்ணீரில் நனைக்கவில்லை. துரையின் தட்டுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய துணி அது, ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. ஆனால் அது அவள் கையிலேயே இருந்தது.

"அந்தக் கோட்டு," என்றாள். "அன்னைக்கு அது எப்படி ஆச்சுன்னு உங்ககிட்ட சொன்னாளா?"

"சொன்னா."

"எப்படியாம்?"

மெக்கானிக் எழுந்து, நனைந்த பையை ஒரு கையால் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டார். செருப்பு ஸ்டாண்டிலிருந்து அவள் செருப்பை எடுத்துக் கீழே போட்டார்.

"ஏழே காலுக்கு பஸ் இருக்கு," என்றார். "நீயே கேளு."